முடிவு டெல்லியில், செலவு திருப்பூரில்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் இரண்டுதான் நினைவுக்கு வரும். ஒன்று, 1950களில் எழுந்த அமராவதி அணை. 90 அடி முழு நீர்மட்டம், 4 டி.எம்.சி.க்குச் சற்றுக் கூடுதலான கொள்ளளவு. மற்றொன்று, 1962 ஜூலையில் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி. அணை வயலுக்கு நீர் தருவதற்கு; பள்ளி முப்படைக்கும் அதிகாரிகளைத் தருவதற்கு. புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு தன் நிலப்பரப்பை எந்தக் கண்ணோடு பார்த்தது என்பது இந்த இரண்டிலும் தெரிகிறது. நிலம் காக்கப்பட வேண்டும். நிலம் வளர்க்கப்பட வேண்டும்.

அதே மாவட்டத்தின் வடபகுதியில், எந்த ஐந்தாண்டுத் திட்டமும் குறித்து வைக்காத தொழில் ஒன்று வளர்ந்தது. 1970களின் கடைசியில் இத்தாலிக்குப் போன சரக்கில் தொடங்கியது திருப்பூரின் பனியன் ஏற்றுமதி. இன்று அது ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய் வணிகம். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. 2009 பிப்ரவரியில் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து திருப்பூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, உடுமலை, தாராபுரம், காங்கயம் பகுதி ஆயக்கட்டுகளும் நகரத்துச் சாயப்பட்டறைகளும் ஒரே ஆட்சியர் அலுவலகத்தின்கீழ் வந்தன. தண்ணீர் கேட்டு வரும் விவசாயியும், வரிச்சலுகை கேட்டு வரும் ஏற்றுமதியாளரும் ஒரே வாசலில் மனு கொடுக்கிறார்கள். இருவர் கேட்பதையும் தரும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்குப் பெரும்பாலும் இல்லை.

எல்லை, இறையாண்மை, வட்டார வளர்ச்சி ஆகிய மூன்றையும் தேசிய அரசுகள் எப்படிக் கையாள்கின்றன என்ற கேள்விக்கு விடை தேட இந்த ஒரு மாவட்டமே போதும். கடந்த எழுபது ஆண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. முடிவு ஓரிடத்திலும் அதன் செலவு வேறிடத்திலும் விழும்போது வட்டாரம் நொடிக்கிறது. முடிவெடுக்கும்போதே அந்த வட்டாரத்தின் பேச்சுக்கும் சட்டப்படி இடம் கிடைத்திருந்தால், இழுபறி நீண்டாலும் ஏற்பாடு நிலைக்கிறது.

மலையில் போட்ட கோடு

அமராவதி அணையின் நீர்வரத்துக்கு முதுகெலும்பு பாம்பாறு. ஆனைமுடியைச் சுற்றிய மலைகளில் பிறந்து, மறையூர்ப் பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே இறங்கி, சின்னாற்றோடு சேர்ந்து அணைக்கு வருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு பிறக்கும் இடம் தேவிகுளம் வட்டம்.

தேவிகுளம் என்ற பெயர் தமிழக அரசியலில் ஒரு காலத்தில் பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அதை ஏற்கவில்லை. மொழிப் பெரும்பான்மை மட்டும் போதாது, மலைத்தோட்டங்களையும் அவற்றின் பொருளாதாரத்தையும் பார்க்க வேண்டும் என்பது அதன் நிலை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன.

அந்தக் கோடு போடப்பட்டபோது பேசப்பட்டது மொழியும் தேயிலையும். மலையின் மறுபக்கத்து வயல்கள் அந்தப் பேச்சில் பெரிய இடம் பெறவில்லை. ஆனால் கோட்டின் விளைவு கல்லாபுரம், ராமகுளம் வாய்க்கால்களின் பழைய ஆயக்கட்டு தொடங்கிக் கரூர்வரை நீள்கிறது. சுமார் 55 ஆயிரம் ஏக்கர் அமராவதி நீரை நம்பியிருக்கிறது. 2007 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னபோது கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் பங்கு 3 டி.எம்.சி. 2014இல் காந்தளூர் அருகே பட்டிசேரியில் அணை கட்டக் கேரளம் அடிக்கல் நாட்டியது. தன் பங்கைப் பயன்படுத்துவதாக அது சொன்னது. அமராவதியின் வரத்து குறையும் என்று தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. உடுமலை, மடத்துக்குளம் விவசாயிகள் அன்றாடம் செய்தித்தாளில் பார்க்கும் அணை நீர்மட்டத்துக்குப் பின்னால் இத்தனை தீர்ப்பும் வழக்கும் இருக்கின்றன.

இந்திய அரசமைப்புச் சட்டம் எல்லை விஷயத்தில் மாநிலங்களுக்குக் கொடுத்த இடம் குறைவு. மூன்றாம் பிரிவின்படி நாடாளுமன்றம் ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஒப்புதல் வேண்டியதில்லை. பிரிவினைக்குப் பின் உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் இருந்த நாட்டுக்கு அந்த ஏற்பாடு தேவையாக இருந்திருக்கலாம். ஆற்று நீருக்கு மட்டும் வேறு வழி. 262ஆம் பிரிவும் 1956ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டமும் நடுவர் மன்றத்தை அமைக்க வழி செய்தன. காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தது. மேலாண்மை ஆணையம் 2018 ஜூனில் வந்தது. 28 ஆண்டுகள். அந்தத் தாமதத்தில் ஒரு தலைமுறை விவசாயிகள் முதுமையடைந்தார்கள். ஆனாலும் தொடர்புள்ள மாநிலங்கள் எல்லாம் கணக்கு வைத்து வாதாடிய ஒரு மன்றம் அது. அதன் எண்களை இன்று எந்தத் தரப்பும் அடியோடு மறுப்பதில்லை.

அயல் மண்ணில் நம் அணை

இதைவிட நல்ல முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள எல்லைக்குள் உள்ளன. அவற்றை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டுப் பொதுப்பணி, நீர்வளத் துறைப் பொறியாளர்கள். நீர் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே சர்க்கார்பதிக்கும் அங்கிருந்து சமமட்டக் கால்வாய் வழியே திருமூர்த்தி அணைக்கும் வந்து, உடுமலை, பல்லடம், காங்கயம் பகுதிகளுக்கு முறைவைத்துப் பாய்கிறது. திட்டத்தின் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. எந்த மண்டலத்துக்கு எப்போது மடை திறக்கும் என்பதை வைத்துத்தான் இங்கே மக்காச்சோளமா, நிலக்கடலையா என்று முடிவாகிறது.

1970 மே 29 அன்று கையெழுத்தான இந்த ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அரசியலில் எதிரும் புதிருமாக இருந்த ஆட்சிகள் இரு மாநிலங்களிலும் மாறிமாறி வந்தன, ஒப்பந்தம் முறியவில்லை. காரணம் எளிது. நிலத்தின் உரிமை கேரளத்துக்கு, அணையை இயக்கும் உரிமை தமிழகத்துக்கு, மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்பட்டது. எல்லை யாருடையது என்ற சண்டையையும் பயன் யாருக்கு என்ற கணக்கையும் பிரித்துவைத்த புத்திசாலித்தனம் அது.

குறையும் உண்டு. 30 ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு என்று ஒப்பந்தம் சொல்கிறது. 1988 போனது, 2018 போனது. 2019 செப்டம்பரில் முதலமைச்சர்கள் எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேச்சுக்குக் குழு அமைத்தார்கள். உடுமலைப் பகுதி விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் ஆனைமலையாறு நல்லாறு திட்டம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று பெயர்ந்து நீர் வீணாகப் போனபோது, பராமரிப்புச் செலவு எவ்வளவு, அதை யார் சரிபார்ப்பது என்ற கேள்விகள் மறுபடி எழுந்தன. தண்ணீரை நம்பி விதை வாங்கும் பாசன சபைகளுக்கு இந்தப் பேச்சுகளில் நேரடி இடம் இன்றுவரை இல்லை.

ஒரே பயணம், இரண்டு முடிவுகள்

மாநில எல்லையில் இருந்த இந்தக் குறைந்தபட்சப் பங்கேற்புகூடச் சர்வதேச எல்லையில் இல்லை. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் முழுக்க ஒன்றிய அரசின் அதிகாரம். 253ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டமியற்றலாம்.

நிலத்தை விட்டுக்கொடுப்பதில் மட்டும் ஒரு தடை உண்டு. மேற்கு வங்கத்தின் பெருபாரியைக் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் பிரித்துக் கொடுக்க நேரு அரசு இசைந்தபோது, அரசமைப்புத் திருத்தம் இல்லாமல் அது முடியாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974இல் கச்சத்தீவு விஷயத்தில் அந்த வழி பின்பற்றப்படவில்லை. தகராறில் இருந்த இடத்துக்கு எல்லைக்கோடு வகுத்தோம், இந்திய நிலம் எதையும் கொடுக்கவில்லை என்பது அரசின் வாதம். அன்றைய முதலமைச்சர் கருணாநிதி எதிர்த்தார், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, டெல்லி அசையவில்லை. 1976 கடிதப் பரிமாற்றங்களுக்குப் பிறகு மீன்பிடி உரிமையும் சுருங்கியது. அரை நூற்றாண்டாக ராமேஸ்வரம் விசைப்படகுத் தொழிலாளர்களின் கைதுச் செய்தி நிற்கவில்லை. மறுகரையில், போருக்குப் பின் எழ முயலும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலைகளும் கிழிகின்றன. இரு தலைநகரங்களுக்கு இடையிலான நல்லுறவின் விலையை இரு கரைத் தமிழர்களும் கொடுக்கிறார்கள்.

வங்கதேச எல்லையில் வேறு விதமாக நடந்தது. 2015இல் 111 இந்தியத் திட்டுகளும் 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறின. நூறாவது அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. மேற்கு வங்க அரசின் சம்மதம் பெறப்பட்டது. இடம்பெயர்ந்தவர்களின் மறுவாழ்வுக்கு ஒன்றிய அரசு தனி நிதி ஒதுக்கியது. நாற்பது ஆண்டு இழுத்த விவகாரம், பாதிக்கப்படும் மாநிலத்தைச் சேர்த்துக்கொண்டதும் முடிந்தது.

திருப்பூருக்கு இதில் என்ன தொடர்பு? 2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றார். டீஸ்டா நதி ஒப்பந்தம் அந்தப் பயணத்தில் கையெழுத்தாக இருந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி மறுத்து விலகியதால் அது நின்றது. அதே பயணத்தில் 46 வகை ஜவுளிப் பொருட்களுக்கு இந்தியச் சந்தையில் வரியில்லா அனுமதி அறிவிக்கப்பட்டது. தண்ணீரில் ஒரு மாநிலம் சொன்ன சொல்லுக்கு எடை இருந்தது. துணியில் அப்படிக் கேட்கப்பட வேண்டிய ஒருவர் இருந்ததாகவே நடைமுறை கருதவில்லை. திருப்பூரின் உள்நாட்டு பனியன் உற்பத்தியாளர்கள் வங்கதேசத்திலிருந்து வரும் வரியில்லா ஆடைகளைப் பற்றி இன்றுவரை முறையிட்டு வருகிறார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 2025 ஏப்ரலில் இந்திய நூலைத் தரைவழியே இறக்குமதி செய்வதை வங்கதேசம் நிறுத்தியது. மே 17 அன்று வங்கதேச ஆயத்த ஆடைகள் தரை எல்லை வழியே வரக்கூடாது, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா உத்தரவிட்டது. வடகிழக்கு மாநிலங்களின் நில அமைப்பைப் பற்றி டாக்காவின் இடைக்காலத் தலைவர் பேசிய பேச்சும், இரு நாட்டு உறவின் கசப்பும் பின்னணியில் இருந்தன. உள்நாட்டு பனியன் தயாரிப்பாளருக்கு இது வாய்ப்பு; வங்கதேசத்துக்கு நூல் அனுப்பிய நூற்பாலைக்கு இழப்பு. 2011இல் திறந்ததும் 2025இல் மூடியதும் ராஜதந்திரக் காரணங்களுக்காக. வட்டாரத் தொழிலின் தேவை இரு முறையும் பின்வரிசையில்தான் இருந்தது.

லேபிள் தைத்த சரக்கு

2025 ஆகஸ்டு இந்தக் கதையின் கூர்மையான அத்தியாயம். இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 7ஆம் தேதி 25 சதவீத வரியும், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27ஆம் தேதி இன்னொரு 25 சதவீதமும் விதித்தது. எந்த நாட்டிடம் எண்ணெய் வாங்குவது என்பது இந்தியாவின் இறையாண்மை சார்ந்த முடிவு. அதை வேறொரு நாடு கட்டளையிட முடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கான விலை நாடு முழுவதும் சமமாக விழவில்லை. இந்தியாவின் மொத்தச் சரக்கு ஏற்றுமதியில் சுமார் 20 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது, தமிழகத்தின் ஏற்றுமதியிலோ 31 சதவீதம் என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். திருப்பூரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்க ஆர்டர்.

ஒரு டி-ஷர்ட் எத்தனை கை மாறுகிறது என்று பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும். நூல் வருகிறது, நிட்டிங் கம்பெனியில் துணியாகிறது, சாயப்பட்டறைக்குப் போகிறது, காம்பாக்டிங் முடிந்து திரும்புகிறது, கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பிறகு பவர் டேபிளில் ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பெரும்பகுதி ஒரே கம்பெனிக்குள் நடப்பதில்லை. ஜாப் ஒர்க் செய்யும் தனித்தனிப் பட்டறைகள், தெருவுக்குத் தெரு. கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்படும்போது கழுத்துப் பட்டியில் அமெரிக்கக் கடையின் லேபிள் தைக்கப்பட்டிருக்கும், அந்த நாட்டு அளவு இருக்கும், டாலர் விலைச்சீட்டும் தொங்கும். அந்தச் சரக்கை ஆர்டர் ரத்தானதும் ஜெர்மனிக்குத் திருப்பிவிட முடியாது. பையர் தள்ளுபடி கேட்டால் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் சரக்கு குடோனில் தூங்கும்.

தள்ளுபடி முதலில் ஏற்றுமதியாளரின் லாபத்தைத் தொடும். அடுத்து ஜாப் ஒர்க் கூலியைத் தொடும். கடைசியில் பீஸ் ரேட்டில் தைப்பவரிடம் வந்து நிற்கும். சீசனில் ஒன்றரை ஷிப்ட் ஓடிக் கூடுதல் வருமானம் பார்த்தவருக்கு, வாரச் சம்பளம் ஒரு ஷிப்டோடு நின்றுபோகும்.

நிவாரணம் வந்தது, உண்மை. பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரி ஆகஸ்டு 19 முதல் ஆண்டு இறுதிவரை நீக்கப்பட்டது. அதன் அழுத்தம் உடனே விதர்பா, தெலங்கானா பருத்தி விவசாயிகளின் விலையில் விழும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. நவம்பரில் ஏற்றுமதியாளர்களுக்கு 20 ஆயிரம் கோடி ரூபாய்வரை கூடுதல் கடனுக்கு உத்தரவாதத் திட்டத்தை ஒன்றிய அமைச்சரவை ஏற்றது. ரிசர்வ் வங்கி தவணைக்கு அவகாசம் அளித்தது. இவை வங்கிக் கணக்குள்ள கம்பெனியைக் காப்பாற்றும் ஏற்பாடுகள். பத்து மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்கோ, ஒடிசாவிலிருந்து வந்து காஜா மிஷினில் உட்கார்ந்தவருக்கோ இவற்றில் நேரடியாக எதுவும் இல்லை. வரி விகிதம் பின்னால் குறைந்தது. போன சீசன் திரும்பாது.

நதியின் கணக்கை யார் தீர்த்தார்கள்?

டெல்லி மேல் மட்டும் பழி போட்டால் கட்டுரை நேர்மையாக இராது. வட்டாரம் தன் மண்ணுக்கே செய்த கேடும், மாநில அரசு கண்மூடி இருந்த காலமும் இதில் உண்டு. நொய்யல் ஆற்றில் திருப்பூரின் சாயக்கழிவு பல ஆண்டுகள் தடையின்றி ஓடியது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் குட்டையானது. கீழ்ப்பகுதியில் கிணறுகள் உப்பேறின, தென்னை கருகியது, கால்நடைக்குக்கூடத் தண்ணீர் ஆகவில்லை. சூழலிழப்பு ஆணையம் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வராத தொகை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், 2009இல் உச்ச நீதிமன்றம், கடைசியாக 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. துணி சாயமேற்ற வெளியூர் போனது, ஆர்டர்கள் நழுவின. மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்த பிறகே தொழில் மெல்ல எழுந்தது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடாமல், நீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை அப்படித்தான் இங்கே நிலைபெற்றது. அமராவதியும் கரூர்ச் சாயப்பட்டறைகளால் இதே துன்பத்தைப் பார்த்த ஆறுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, எந்த அரசும் தானாக முன்வந்து கணக்கைத் தீர்க்கவில்லை என்பது. தொழில் தந்த அந்நியச் செலாவணி நாட்டின் கணக்கில் சேர்ந்தது. உப்பேறிய கிணறு காங்கயம் பகுதி விவசாயியின் கணக்கில் நின்றது. தேவையான தண்ணீருக்கும் இதே கதை. நாட்டின் தொடக்ககாலத் தனியார் பங்கேற்புக் குடிநீர்த் திட்டங்களில் ஒன்றாக, காவிரிப் படுகையிலிருந்து நாளுக்கு 185 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் திட்டம் ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவில் 2000களின் நடுவில் திருப்பூருக்கு வந்தது. முக்கிய வாடிக்கையாளர்களாக இருக்க வேண்டிய பட்டறைகள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. தண்ணீரைக் கொண்டுவரும் திட்டமும் கழிவை அகற்றும் திட்டமும் ஒரே வரைபடத்தில் ஒன்றாக வரையப்பட்டிருந்தால், இரண்டும் தப்பியிருக்கும்.

மனிதர்களின் கணக்கும் இருக்கிறது. நாட்டின் எந்தப் பகுதிக்கும் போய் வாழவும் வேலை செய்யவும் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று திருப்பூர் ஓடாது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, பீகார் அரசு குழு அனுப்பி நேரில் விசாரித்துத் திரும்பியது. அந்த ஒரு வாரத்தில் இரு மாநில அதிகாரிகளும் பேசியதுபோல, தங்குமிடம், பிள்ளைகளின் பள்ளி, விபத்து இழப்பீடு பற்றித் தொடர்ந்து பேச ஒரு நிலையான அமைப்பு அவசியம்.

பிற நாடுகள் கண்ட வழிகள்

உலக அனுபவத்தில் மூன்று விதங்கள் கவனத்துக்கு உரியவை.

முதலாவது, ஒப்பந்தம் போடுமுன் வட்டாரத்தின் சம்மதம். 2016 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயாரானபோது, பெல்ஜியத்தின் வலோனியா வட்டாரச் சட்டமன்றம் மறுத்தது. பெல்ஜிய அரசமைப்பில் வட்டாரங்களின் இசைவில்லாமல் மத்திய அரசு கையெழுத்திட முடியாது. விவசாயம், முதலீட்டு வழக்குகள் குறித்த உறுதிமொழிகள் எழுத்தில் வந்த பிறகே மாதக் கடைசியில் கையெழுத்தானது. கனடாவோ அந்தப் பேச்சுகளில் தன் மாகாணங்களை முதலிலிருந்தே அழைத்து வைத்துக்கொண்டது. வலோனியா போன்ற மறுப்புரிமை இந்தியா அளவு பெரிய நாட்டில் எல்லா ஒப்பந்தத்தையும் முடக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. கனடாவின் முறைக்கு அந்த இடர் இல்லை.

இரண்டாவது, இழந்தவருக்கு ஈடு. 2005 ஜனவரியில் உலக ஜவுளிக் கோட்டா முறை முடிந்தது. திருப்பூருக்கு அது பெரிய கதவைத் திறந்தது. இத்தாலியின் டஸ்கனி, பீட்மாண்ட், லொம்பார்டி ஜவுளிப் பகுதிகளில் வேலையிழப்பைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் நடத்தும் உலகமயச் சீரமைப்பு நிதியிலிருந்து அந்தத் தொழிலாளர்களுக்கு மறுபயிற்சிக்கும் வேலை தேடும் காலத்துக்கும் பணம் போனது. அமெரிக்காவும் 1962 முதல் இப்படியொரு உதவித் திட்டம் வைத்திருந்தது; 2022இல் அது காலாவதியாக விடப்பட்டது. வணிகத்தால் நாட்டுக்கு லாபம் என்றால், நஷ்டப்பட்ட ஊருக்கு அதில் ஒரு பகுதி திரும்ப வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

மூன்றாவது, எச்சரிக்கை. மனித உரிமை நிபந்தனைகளை முன்வைத்து இலங்கையின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நிறுத்தியது. இறையாண்மையில் தலையீடு என்று கொழும்பு உறுதியாக நின்றது. சலுகை 2017 மேயில்தான் மீண்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் போட்டியின் சுமையைத் தாங்கியவர்கள் கட்டுநாயக்க போன்ற வர்த்தக வலயங்களின் ஆடைத் தொழிலாளர்கள். பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த பெண்கள். அரசின் கொள்கை மாற்றத்தில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

செய்ய வேண்டியவை

இந்தியாவில் இதற்கான அமைப்பு இல்லாமல் இல்லை. சர்க்காரியா ஆணையத்தின் பரிந்துரைப்படி 1990இல் மாநிலங்களுக்கிடையிலான மன்றம் உருவானது. அதன் பதினொன்றாவது கூட்டம் 2016 ஜூலையில் நடந்தது. 26 ஆண்டுகளில் பதினொரு கூட்டம். 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்த தமிழ்நாடு, 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடி ஒரு குழுவை அறிவித்தது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் மாநிலங்கள் உட்கார்ந்து வரி விகிதம் பேசுகின்றன. எத்தனை மனக்கசப்பு இருந்தாலும் கூட்டம் தவறாமல் நடக்கிறது. உள்நாட்டு வரிக்கு முடிந்தது, சுங்க வரியைத் தீர்மானிக்கும் வணிக ஒப்பந்தங்களுக்கும் முடியும்.

முதல் தேவை அதுதான்: ஒவ்வொரு வணிகப் பேச்சும் முடியுமுன், அதனால் அதிகம் லாபமோ நஷ்டமோ அடையும் மாவட்டங்களின் பட்டியலோடு மாநிலங்கள் கூடும் மன்றம். திருப்பூர், லூதியானா, சூரத், காக்கிநாடா இறால் பண்ணைகள் என்று அந்தப் பட்டியல் நீளும். இரண்டாவது, ஐரோப்பாவில் இருப்பதுபோல் ஒரு சீரமைப்பு நிதி. கம்பெனியின் வங்கிக் கணக்கோடு நின்றுவிடாமல், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவின் வழியே தொழிலாளிக்கும், பதிவுபெற்ற ஜாப் ஒர்க் பட்டறைக்கும் நேராகச் சேரும் நிதி. மூன்றாவது, பாம்பாறு தொடங்கி, அமராவதி காவிரியில் கலக்கும் திருமுக்கூடலூர்வரை அமராவதிப் படுகைக்கென ஒரே கணக்கு: கேரளத்தின் 3 டி.எம்.சி., உடுமலையின் பாசனம், கரூரின் கழிவு மூன்றும் ஒரே புத்தகத்தில், பாசன சபைப் பிரதிநிதிகள் பார்க்கும்படி.

காலம் குறைவு. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது; ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மீண்டும் எழுந்த பேச்சு 2026 ஜனவரியில் முடிவுக்கு வந்ததாக இரு தரப்பும் அறிவித்தன. வங்கதேசம் 2026 நவம்பரில் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறுவதற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன்பின் மூன்று ஆண்டுகள் ஐரோப்பாவில் அதன் சலுகை தொடரும். அதற்குள் திருப்பூரின் ஆர்டர்கள் பெருகினால், சாயத்துக்கு நீர் எங்கிருந்து, கழிவு உப்பு எங்கே, வரப்போகும் தொழிலாளருக்கு வீடு எங்கே என்ற கேள்விகளுக்குத் தொழில், நீர்வளம், தொழிலாளர் நலத் துறைகளும் தொடர்புள்ள மாநில அரசுகளும் ஒன்றிய வணிக அமைச்சகமும் சேர்ந்து இப்போதே விடை எழுத வேண்டும். அந்தக் கூட்டத்துக்கான அழைப்பு ஏற்றுமதியாளர் சங்கத்தோடு நிற்காமல், தொழிற்சங்கங்களுக்கும் அமராவதி, நொய்யல், பரம்பிக்குளம் ஆழியாறு பாசன விவசாயிகளுக்கும் சேர்த்தே போக வேண்டும்.